காட்சி 61, இரவு, வெளிப்புறம்

தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது,
சிகரெட் எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
ஈரம் முழங்கால் வரையா இடுப்பு வரையா,
இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.
கலீசியாவின் இந்தக் கழிமுகத்தில்
மார்ச் முழுக்க மழையை எழுதினேன்.

கதை இவ்வளவுதான்: கடத்தலை விட்டவன்
கடைசியாக ஒருமுறை படகெடுக்கிறான்.
மாட்ரிட்டிலிருந்து வந்த கதாநாயகனுக்கோ
கயிறு அவிழ்க்கும்போதே குமட்டல்.
அதனால் முதுகுக்கும் கைகளுக்கும் மட்டும்
உள்ளூரில் ஆள் பிடித்தார்கள்.

அமாரோ லொவ்ரிதோ. வயது அறுபத்தெட்டு.
சிப்பி வளர்க்கும் மிதவைகளுக்கு நடுவே
விளக்கில்லாமல் ஓட்டுவார்.
எங்கே கற்றீர்கள் என்றார் தயாரிப்பாளர்.
"இருட்டில்."
நரைத்த பிடரிக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்த
மேக்கப் பெண் மட்டும் சிரித்தாள்.

துரத்தும் படகில் சுங்க அதிகாரியாக நிற்கும் வெந்துரா
நிஜத்திலும் சுங்கத்தில் இருந்தவர்.
பதினோரு வருடம் துரத்தியும் கைக்கு வந்தது
நுரை மட்டும்தானாம்.
மதியம் இருவரும் ஒரே மரத்தட்டில்
ஆக்டோபஸைக் குத்தித் தின்றார்கள்,
அன்றைக்கு யார் எஞ்சின் பெரிது என்று
இன்னும் தீராமல் தகராறு செய்தபடி.

முதல் டேக். நன்றாகத்தான் வந்தது.
ஆனால் மூன்றாவது மிதவை தாண்டியதும்
படகு தணிந்தது, ஒரு மூச்சு நேரம்.
வலது கை தொப்பியை எடுத்தது. திரும்ப வைத்தது.
இரண்டாவது டேக். அதே இடம், அதே கை.
மூன்று. நான்கு.
குறிப்பேட்டில் எழுதினேன்: தொப்பி பொருந்தவில்லை.

உயிர் தப்பி ஓடுகிறவன் ஏனய்யா நிற்கிறான்,
ஒலிபெருக்கியில் கத்தினார் இயக்குநர்.
"அங்கே ஒரு பாறை இருக்கிறது."
வரைபடத்தில் பாறை இல்லை.
பதினெட்டு மீட்டர் ஆழம், அடியில் சேறு.
வெந்துராவைப் பார்த்தேன்.
அவர் தொப்பியும் மடியில் இருந்தது.

"ஃபிஸ்," என்றார் பிறகு,
என்னிடமில்லை, காப்பிக் கோப்பையிடம்.
"எண்பத்தேழு, நவம்பர். நாங்கள் நெருங்கிவிட்டோம்.
பெட்டிகளை எறிந்து படகை இலேசாக்கினார்கள்.
எறிந்துகொண்டிருந்தவனும் போய்விட்டான்.
பெட்டிதான் மிதந்தது.
நாங்கள் பெட்டியைப் பொறுக்கினோம்."
போடாத சர்க்கரையை
நெடுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது டேக்குக்குப் பன்னிரண்டு பெட்டிகள் வந்தன.
உள்ளே வெறும் மரத்தூள்.
அமாரோ ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.
எடை பார்க்கிறாரா, வேறெதையோ பார்க்கிறாரா,
எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இம்முறை அவர் தணியவில்லை.
மிதவை தாண்டி, குறி தாண்டி,
எங்கள் விளக்குகள் எட்டும் எல்லை தாண்டி
எஞ்சின் சத்தம் மெலிந்து மெலிந்து
மழைக்குள் போனது.
வாக்கி டாக்கிகள் ஒன்றையொன்று கூப்பிட்டன.
தயாரிப்பாளர் காப்பீட்டுக்காரரை எழுப்பினார்.
இருபத்திரண்டு நிமிடம். என் கைக்கடிகாரக் கணக்கு.
வெந்துரா அசையவில்லை.
"வருவான். எங்களிடம் மட்டும்தான் வரமாட்டான்."

வந்தார்.
தலையிலிருந்து கால்வரை நனைந்து,
தொப்பி நேராக.
ஆனால் படகில் பதினொரு பெட்டி.

யாரும் எண்ணவில்லை. அற்புதம் என்றார் இயக்குநர்,
அந்த ஈரம் ஆறுவதற்குள்
கரையேறும் காட்சியையும் எடுத்துவிட்டார்.
விடியலில் கணக்காளர் ரசீதை நீட்டினார்:
கூலி, படி, வரிப் பிடித்தம்.
அமாரோ கண்ணாடி மாட்டி இரண்டு முறை படித்தார்.
"படகோட்டியதற்கு வரியா!"
நெஞ்சு குலுங்கச் சிரித்து, இருமி,
முழுப்பெயரில் கையெழுத்திட்டார்.

எட்டு மாதம் கழித்து வீகோவில்
டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன்.
முகம் மாட்ரிட்காரருடையது.
கைகள் நான்கு நொடி வந்தன.
துரத்தலில் பன்னிரண்டு பெட்டி,
கரையில் பதினொன்று.
பக்கத்து இருக்கைப் பையன் சோளப்பொரியை நிறுத்தவேயில்லை.

இருபது வருட வேலையில்
தெரிந்தே நான் விட்ட ஒரே பிழை.